குருதி கூறும் சான்று

நுழையும்முன்

காய்ச்சல் காணாத வீடு இல்லை. ஓய்வாலும் உணவாலும் சில நாள்களில் தணிந்துவிடும் காய்ச்சலே மிகுதி. ஆயினும், அவற்றுள் ஒன்று சில மணி நேரத்தில் உயிருக்கே ஊறு செய்யும் நோயாக மாறிவிடக்கூடும். அந்த ஒன்றை இனங்காண அவசர சிகிச்சைப் பிரிவில் எடுக்கப்படும் சில மில்லிலிட்டர் குருதி துணைபுரிகிறது. அக்குருதி எவற்றைச் சொல்லும், எவற்றைச் சொல்லாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னலாடை நகரில்

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூர், இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பெரும்பங்கு வகிக்கும் நகரம். நூலைத் துணியாகப் பின்னுதல், சாயமேற்றுதல், வெட்டுதல், தைத்தல், சரிபார்த்தல், தேய்த்து மடித்துக் கட்டுதல் எனப் பல கைகள் சேர்ந்தே ஒரு பனியன் உருவாகிறது. தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசா, சார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்தோர் இங்கு உழைக்கின்றனர். அவர்களுள் பலருக்குத் தைத்த உருப்படிகளின் எண்ணிக்கைக்கேற்பவே கூலி. சரக்கு அனுப்ப வேண்டிய நாள் நெருங்கினால் வேலை இரவிலும் நீளும். இச்சூழலில், காய்ச்சல் கண்டவர் மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மீண்டும் தையல் எந்திரத்தின்முன் அமர்வது வியப்பன்று.

பெரும்பாலும் இதனால் பெருந்தீங்கு நேர்வதில்லை. காய்ச்சல் தானே தணிந்துவிடுகிறது. ஆனால், விரலில் ஏறிய ஊசியால் வந்த புண், காலில் ஆறாத இரணம், சிறுநீர்ப்பாதைத் தொற்று, நுரையீரல் அழற்சி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று கட்டுக்கடங்காமல் போகலாம். காய்ச்சல் மாத்திரை உடலின் வெப்பத்தைக் குறைக்கும். உள்ளே வளரும் நுண்ணுயிரியைத் தடுக்காது. வெப்பம் குறைந்ததைக் கண்டு நோய் குறைந்தது எனக் கருதும் இடைவெளியில் நோய் முற்றிவிடும்.

நோய்த்தொற்றுக்கு உடல் ஆற்றும் எதிர்வினை நெறிதவறி, உடலின் உறுப்புகளையே செயலிழக்கச் செய்யும் நிலை 'செப்சிஸ்' எனப்படும். இவ்வரையறையை உலக மருத்துவ வல்லுநர் குழு 2016இல் வகுத்தது. அழுகுதல் என்னும் பொருளுடைய பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது இப்பெயர். 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 4 கோடியே 89 இலட்சம் பேருக்குச் செப்சிஸ் ஏற்பட்டது என்றும், 1 கோடியே 10 இலட்சம் பேர் இறந்தனர் என்றும் ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். செப்சிஸைத் தடுக்கவும் கண்டறியவும் உறுப்பு நாடுகள் முன்னுரிமை தரவேண்டும் என உலகச் சுகாதார மாமன்றம் அதே ஆண்டில் தீர்மானம் நிறைவேற்றியது.

காவலே கேடாகும் நிலை

நுண்ணுயிரி உடலில் புகுந்ததும் வெள்ளை அணுக்கள் அதனை அடையாளம் கண்டு, சைட்டோகைன்கள் என்னும் செய்திப் புரதங்களை வெளியிடுகின்றன. அச்செய்தியை ஏற்றுப் புண்பட்ட இடத்திலுள்ள குருதி நாளங்கள் விரிகின்றன. அவற்றின் சுவர் சற்றே இளகி, மேலும் பல வெள்ளை அணுக்கள் அங்கு வந்துசேர வழிவிடுகிறது. அவ்விடம் சிவக்கிறது, சூடேறுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இதுவே அழற்சி. ஓரிடத்தில் அளவோடு நிகழும்வரை அழற்சி உடலுக்குக் காவலாகும்.

அதே நிகழ்வு உடலெங்கும் பரவும்போது காவலே கேடாகிறது. நாளங்கள் எங்கும் விரிவதால் குருதி அழுத்தம் வீழ்கிறது. இளகிய சுவர்களின் வழியே நீர்மம் வெளியே கசிகிறது. மயிரிழையினும் மெல்லிய நுண்நாளங்களில் சிறுசிறு குருதி உறைவுகள் தோன்றி வழியை அடைக்கின்றன. வாய்க்காலின் கரை பல இடங்களில் கசிந்தால் கடைமடைக்கு நீர் எட்டாது. அதுபோலச் சிறுநீரகம், மூளை, கல்லீரல் ஆகியவற்றின் உயிரணுக்களுக்கு உயிர்வளி எட்டாமல் போகிறது. சிறுநீர் குறைதல், மனக்குழப்பம், மூச்சிரைப்பு ஆகியவை அதன் வெளிப்பாடுகள்.

செப்சிஸின் தொடக்கநிலையும் எளிய காய்ச்சலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டையும் பிரித்தறிவதே அவசர சிகிச்சைப் பிரிவிலுள்ள மருத்துவர்முன் நிற்கும் கடினமான பணி.

நான்கு சான்றுகள்

நோய் செய்யும் மாற்றத்தைக் காட்டும் வகையில் குருதியில் கூடியோ குறைந்தோ காணப்படும் பொருள்களைக் குருதிக் குறிப்பான்கள் என்பர். அவற்றுள் நான்கு இன்றியமையாதவை.

முதலாவது, வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை. நலமுள்ளவரின் குருதியில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 4000 முதல் 11,000 வரை வெள்ளை அணுக்கள் இருக்கும். தொற்று ஏற்படும்போது இது பொதுவாக உயரும். கடுந்தொற்றில் 4000க்கும் கீழே வீழ்வதும் உண்டு. அவ்வீழ்ச்சி உயர்வினும் அஞ்சத்தக்கது. ஆனால், கருவுற்ற காலத்திலும், ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோரிடத்தும், கடும் உடல் அயர்ச்சியிலும்கூட இவ்வெண்ணிக்கை உயரும்.

இரண்டாவது, சி-எதிர்வினைப் புரதம். மருத்துவமனைச் சீட்டுகளில் இது சி.ஆர்.பி. எனக் குறிக்கப்படும். 1930இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் ஆகிய இருவரும் நுரையீரல் அழற்சி கண்டோரின் குருதியை ஆராய்ந்தனர். அந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரியிலிருந்து பிரித்தெடுத்த 'சி' என்னும் சர்க்கரைப் பொருளோடு, நோயாளியின் குருதிநீரிலுள்ள ஏதோ ஒன்று வினைபுரிந்து வீழ்படிவதைக் கண்டனர். அதனால் வந்ததே இப்பெயர். அழற்சியின் செய்தி எட்டியதும் கல்லீரல் இப்புரதத்தை உருவாக்குகிறது. நலமுள்ளவரிடம் ஒரு லிட்டருக்குச் சில மில்லிகிராம் அளவே இருக்கும் இது, கடும் அழற்சியில் பல நூறு மடங்கு உயரக்கூடும். ஏறத்தாழ 6 மணி நேரத்திற்குப் பிறகே உயரத் தொடங்கி, 48 மணி நேர அளவில் உச்சத்தை எட்டும். தொற்றால் மட்டுமன்றி, எலும்பு முறிவு, தீப்புண், மூட்டு அழற்சி முதலியவற்றாலும் இது உயரும்.

மூன்றாவது, புரோகால்சிட்டோனின். இயல்பான நிலையில் இது தைராய்டு சுரப்பியில் கால்சிட்டோனின் என்னும் இயக்குநீராக மாற்றப்படும் முன்பொருள். குருதியில் அரிதாகவே கலந்திருக்கும். பாக்டீரியத் தொற்று முற்றும்போதோ தைராய்டு மட்டுமன்றி உடலின் பல திசுக்களும் இதனை வெளியிடுகின்றன. கடும் பாக்டீரியத் தொற்றுள்ளோரின் குருதியில் இது பெருமளவு உயர்ந்திருப்பதை, அசிக்கோ உள்ளிட்ட பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் 1993இல் வெளியிட்டனர். வைரசு தொற்றின்போது சுரக்கும் ஒருவகைச் செய்திப் புரதம் புரோகால்சிட்டோனின் வெளிப்பாட்டை அடக்குகிறது. எனவே, பாக்டீரியத்தையும் வைரசையும் வேறுபடுத்த இது ஓரளவு உதவுகிறது. நலமுள்ளவரிடம் ஒரு மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராமுக்கும் குறைவாக இருக்கும். 0.5ஐத் தாண்டினால் பாக்டீரியத் தொற்றை ஐயுற வேண்டும். தொற்றுக்குப் பின் சில மணி நேரத்திலேயே உயரத் தொடங்குவதும், தொற்று அடங்கினால் நாளொன்றுக்குப் பாதியளவாகக் குறைவதும் இதன் தனிச்சிறப்புகள்.

நான்காவது, லாக்டேட். உயிர்வளி போதாதபோதும், உடல் கடும் நெருக்கடிக்கு உள்ளாகும்போதும் உயிரணுக்களில் இது மிகுதியாக உருவாகிறது. ஒரு லிட்டர் குருதியில் 2 மில்லிமோலுக்குக் குறைவாக இருப்பது இயல்பு. 4 மில்லிமோலை எட்டினால் பேரிடர். வலிப்பு, கடும் ஓட்டம், கல்லீரல் நோய் ஆகியவற்றிலும் இது கூடும் என்பதனால் இதனைத் தொற்றின் அடையாளமாகக் கொள்ளலாகாது. நோய் உடலை எவ்வளவு ஆழமாகத் தாக்கியுள்ளது என்பதையே இது காட்டுகிறது.

ஆக, ஒவ்வொரு குறிப்பானும் ஒவ்வொரு வினாவுக்கு விடையளிக்கிறது. உடலில் போர் நடக்கிறதா என்பதை வெள்ளை அணுக்களும் சி.ஆர்.பி.யும் சொல்லும். போர் பாக்டீரியத்தோடா என்பதைப் புரோகால்சிட்டோனின் ஓரளவு சொல்லும். போரால் உடல் எவ்வளவு நலிந்துள்ளது என்பதை லாக்டேட் சொல்லும்.

தெரிந்து தெளிவோம்

செருமனி நாட்டு மருத்துவரும் வேதியியல் அறிஞருமான யோகான் யோசப் செரர், மகப்பேற்றுக்குப் பின் கடுங்காய்ச்சலால் இறந்த பெண்களின் குருதியில் லாக்டிக் அமிலம் இருப்பதைக் கண்டறிந்து 1843இல் வெளியிட்டார். நுண்ணுயிரிகளே நோய்க்குக் காரணம் என்பது நிறுவப்படாத காலம் அது. அன்று இறந்தவரின் உடலில் காணப்பட்ட அதே பொருளை இன்று சில நிமிடங்களில் அளந்து, உயிரோடிருப்பவரைக் காக்க முயல்கிறோம்.

மூன்று நாள்களின் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நீரிழிவு நோயுள்ள தையல் தொழிலாளர் ஒருவரின் விரலில் ஊசி ஏறியது எனக் கொள்வோம். மூன்று நாள் கழித்து, கை வீங்கி, குளிர்நடுக்கத்தோடும் தெளிவற்ற பேச்சோடும் அவர் மருத்துவமனைக்கு அழைத்துவரப்படுகிறார். நிமிடத்திற்கு 28 முறை மூச்சு விடுகிறார். மேல் குருதி அழுத்தம் 88. குருதி ஆய்வில் வெள்ளை அணுக்கள் 18,000, சி.ஆர்.பி. 96, புரோகால்சிட்டோனின் 6.4, லாக்டேட் 4.2 எனத் தெரியவருகின்றன. உடனே நரம்பின் வழியே நீர்மமும் நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்தும் செலுத்தப்படுகின்றன. கையில் தேங்கிய சீழ் அறுவையால் வெளியேற்றப்படுகிறது.

ஆறு மணி நேரத்திற்குப் பின் லாக்டேட் 2.4ஆகக் குறைகிறது. மறுநாள் அவர் தெளிவாகப் பேசுகிறார், லாக்டேட் 1.6. ஆனால், சி.ஆர்.பி. 190ஆக ஏறியிருக்கிறது; புரோகால்சிட்டோனினும் 7.0 எனச் சற்றே கூடியிருக்கிறது. இவ்விரு எண்களை மட்டும் கண்ட உறவினர் நோய் மிகுந்துவிட்டதாகக் கலங்கலாம். உண்மை அதுவன்று. சி.ஆர்.பி. தாமதமாக ஏறித் தாமதமாக இறங்கும் இயல்புடையது. முந்தைய நாள் நடந்த போரின் தடத்தையே அது இன்று காட்டுகிறது. மூன்றாம் நாளில் புரோகால்சிட்டோனின் 3.4ஆகக் குறைய, சி.ஆர்.பி.யும் 140ஆக இறங்குகிறது. நோயாளி தேறிவருகிறார் என்பது உறுதியாகிறது.

ஒருமுறை எடுத்த எண் ஒரு நிழற்படம் போன்றது. நோய் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதை அடுத்தடுத்து எடுத்த எண்களே காட்டும். நோயுற்றவரின் தன்மை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்தே மருத்துவர் செயல்பட வேண்டும் எனத் திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் வகுத்த நெறி இங்கு எண்ணத்தக்கது. குருதிக் குறிப்பான் அம்மூன்றனுள் நோயின் அளவை மட்டுமே தருகிறது. மற்ற இரண்டையும் மருத்துவரே கண்டறிய வேண்டும்.

குருதி சொல்லாதவை

உடல் முழுதும் அழற்சி கண்டோரில் செப்சிஸ் உள்ளவரைப் புரோகால்சிட்டோனின் எவ்வளவு சரியாக இனங்காட்டுகிறது என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் மதிப்பிட்டனர். செப்சிஸ் உள்ள 100 பேரில் 77 பேரை அது காட்டிக்கொடுத்தது. 23 பேரைத் தவறவிட்டது. செப்சிஸ் இல்லாத 100 பேரில் 21 பேருக்கு இருப்பதாகவும் காட்டியது. தவறவிடப்பட்ட அந்த 23 பேரை எண்ணின், எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாகாது என்பது விளங்கும். தொற்றின் முதல் சில மணி நேரத்தில் எடுத்த குருதியில் சி.ஆர்.பி. இயல்பாகவே இருக்கக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

நம் மண்ணுக்குரிய நோய்களும் கருதத்தக்கவை. தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதனை அடுத்துவரும் குளிர்மாதங்களிலும் உண்ணிக் காய்ச்சல் பரவலாகக் காணப்படுகிறது. புதர்களில் வாழும் நுண்ணிய சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் இது தொற்றுகிறது. இந்நோயில் புரோகால்சிட்டோனின் உயர்ந்திருக்கலாம். ஆனால், செப்சிஸுக்கு வழக்கமாகத் தரும் பல மருந்துகள் இதற்குப் பயன்படா. அக்குள், இடுப்பு, மார்பின் அடிப்பகுதி போன்ற மறைவான இடங்களில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருநிறப் பொருக்கு இருக்கிறதா எனத் தேடிப் பார்க்கும் மருத்துவரே நோயை விரைந்து அறிகிறார். கடுமையான உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்கிளின், அசித்ரோமைசின் ஆகிய இரு மருந்துகளையும் சேர்த்துத் தருவது, ஒன்றை மட்டும் தருவதைவிடச் சிறந்தது என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் இந்தியாவின் பல மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023இல் நிறுவியது. எண்ணைப் பார்க்கும் கண்ணே உடலையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்நோய் தக்க சான்று.

மருந்தைத் தொடங்கலும் நிறுத்தலும்

செப்சிஸுக்கான பன்னாட்டு மருத்துவ நெறிமுறை 2021இல் புதுப்பிக்கப்பட்டது. குருதி அழுத்தம் வீழ்ந்த நிலையிலோ, செப்சிஸ் இருப்பது பெரும்பாலும் உறுதி என்னும் நிலையிலோ, ஒரு மணி நேரத்திற்குள் நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்தைச் செலுத்த வேண்டும் என அது கூறுகிறது. அழுத்தம் வீழாமல் ஐயம் மட்டும் உள்ளபோது விரைந்து ஆராய்ந்து, ஐயம் நீங்காவிடில் மூன்று மணி நேரத்திற்குள் மருந்தைத் தொடங்கலாம். மருந்தைத் தொடங்குவதா வேண்டாவா என்பதை முடிவுசெய்யப் புரோகால்சிட்டோனினை நம்பியிருத்தல் கூடாது என்பதும் அந்நெறிமுறையின் கருத்து.

மருந்து செலுத்தும் முன்னர், காலத்தாழ்வு நேராத வகையில், குருதி வளர்ப்பு ஆய்வுக்கு மாதிரி எடுக்கப்படும். குருதியிலுள்ள நுண்ணுயிரியை ஊட்டப்பொருளில் வளரவிட்டு, அது எது, எம்மருந்துக்கு அடங்கும் என்பதை அறியும் ஆய்வு இது. முடிவு வரச் சில நாள்கள் ஆகும். எனவே, பகைவரின் பெயர் தெரியும் முன்னரே போரைத் தொடங்க வேண்டிய நிலையில் மருத்துவர் இருக்கிறார்.

அவ்வாறாயின் புரோகால்சிட்டோனினால் என்ன பயன்? மருந்தை எப்போது நிறுத்தலாம் என்பதை அறிய அது பெரிதும் உதவுகிறது. நோயாளி தேறிவரும் நிலையில் அதன் அளவு உச்சத்திலிருந்து 80 விழுக்காடு குறைந்தாலோ, 0.5க்குக் கீழே வந்தாலோ மருந்தை நிறுத்துவது பற்றி மருத்துவர் எண்ணலாம். தேவைக்கு மிஞ்சிப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் மருந்துக்கு அடங்காத நுண்ணுயிரிகள் பெருக வழிவகுக்கும். இக்கேட்டைத் தடுப்பதற்காக இந்திய மருத்துவ அமைப்புகள் 2012இல் சென்னையில் கூடி வகுத்த செயல்திட்டம் 'சென்னைப் பிரகடனம்' எனப் பெயர்பெற்றது. மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கி இரண்டு நாள் உண்டு நிறுத்தும் பழக்கமும் இக்கேட்டை வளர்ப்பதே.

காலத்தே செல்லுதல்

எத்துணைச் சிறந்த குறிப்பானும் நோயாளி மருத்துவமனைக்கு வந்த பின்னரே பேசத் தொடங்கும். வருவதற்கு முன்னுள்ள காலம் நம் கையில் இருக்கிறது. காய்ச்சலோ புண்ணோ உள்ள ஒருவரிடம் கீழ்க்காணும் குறிகளுள் ஒன்று தோன்றினாலும் காத்திருத்தல் கூடாது: ஓய்வாக இருக்கும்போதும் மூச்சு வாங்குதல், பேச்சிலோ நினைவிலோ குழப்பம், உடலை உலுக்கும் குளிர்நடுக்கம், கைகால் சில்லிட்டு நிறம் மங்குதல், நாள் முழுதும் சிறுநீர் மிகக் குறைதல், எழுந்து நிற்க இயலாத தளர்ச்சி. முதியோரிடமும் நோயெதிர்ப்பு குறைந்தோரிடமும் காய்ச்சல் இல்லாமலே செப்சிஸ் வரலாம். உடல் வெப்பம் இயல்பினும் குறைவதும் உண்டு.

மூச்சை எண்ணக் கடிகாரம் ஒன்றே போதும். பெரியவர் ஒருவர் அமைதியாக இருக்கும்போது நிமிடத்திற்கு 22 முறையோ அதற்கு மேலோ மூச்சுவிட்டால் அது கவனிக்கத்தக்கது. இதனை எந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளரும் விடுதிக் காப்பாளரும் செய்யலாம். மொழி தெரியாத ஊரில் தம் துன்பத்தைச் சொல்ல இயலாத புலம்பெயர் தொழிலாளருக்கு, உடன் தங்கியிருப்போரின் இக்கவனமே முதல் உதவியாகும்.

108 அவசர ஊர்திச் சேவை தமிழ்நாட்டில் 2008 முதல் கட்டணமின்றி இயங்குகிறது. 2022 சனவரி 12 அன்று தொடங்கிவைக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திருப்பூர்க் கல்லூரியும் ஒன்று. அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில், வருவோரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரித்து, உயிருக்கு இடர் உள்ளோரை முதலில் கவனிக்கும் முறையும் நடைமுறையில் உள்ளது. தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தில் தகுதிபெற்றோர் நோயால் பணிக்கு வர இயலாதபோது, கூலியில் 70 விழுக்காட்டை ஆண்டுக்கு 91 நாள்கள் வரை பெறலாம். ஒருநாள் கூலியை எண்ணி நோயை மறைப்போர் இவ்வுரிமையை அறிந்திருத்தல் வேண்டும்.

அறிவியல் நமக்குக் குருதியின் மொழியைக் கற்றுத்தந்திருக்கிறது. அம்மொழியைப் படிப்பவர் மருத்துவர். ஆனால், உடன் உழைப்பவரின் முகவாட்டத்தையும் மூச்சிரைப்பையும் படிக்க மருத்துவப் பட்டம் தேவையில்லை. தைத்துமுடிக்க வேண்டிய உருப்படிகள் நாளையும் இருக்கும். துவண்டு அமர்ந்திருக்கும் தோழரை மருத்துவமனைக்கு அழைத்துச்செல்ல வேண்டிய நேரமோ இன்றே, இப்போதே ஆகும்.